கீசருக்கு வேர்த்த கதை

ரொம்ப வருஷமா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. ஒவ்வொரு டிசம்பர்லயும் ஆரம்பிப்பேன், ரெண்டு பாராவுல மூடி வச்சிடுவேன். காரணம் பெருசா ஒண்ணும் இல்லை. இந்தக் கதையில நான் ஹீரோ இல்லை. அரைகுறையாப் படிச்சுட்டு அளந்து விட்ட ஆசாமி. அதை ஒத்துக்கறதுக்கு இவ்ளோ நாள் ஆச்சு :-)

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

2006ல நொய்டாவுக்கு வேலைக்கு வந்தப்போ எனக்குக் கேஸ் கீசர்னா என்னன்னே தெரியாது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரனுக்கு வெந்நீர்னா கொல்லைப்புறத்து அடுப்பு, அதுமேல கரி பிடிச்ச அண்டா, தென்னை மட்டை. அவ்வளவுதான். இங்க வந்து பார்த்தா, குளிக்கிற ரூம் சுவத்துல ஒரு தகரப் பொட்டி தொங்குது. ஒரு பக்கம் சிலிண்டர்ல இருந்து ரப்பர் ட்யூப், இன்னொரு பக்கம் தண்ணிக் குழாய். அடியில ரெண்டு பெரிய டார்ச் பேட்டரி. குழாயைத் திறந்தா 'டிக் டிக் டிக்'னு பொறி பறந்து 'குப்'புன்னு பத்திக்கும். அரை நிமிஷத்துல சுடுதண்ணி. கரெண்ட் போனாலும் கவலையில்லை. தண்ணியைச் சேர்த்து வைக்கிற டேங்க்கும் இல்லை. தண்ணி ஓடுறப்பவே செம்புக் குழாய்க்குள்ள சூடாகி வந்துடும். ஆஹா, என்னா கண்டுபிடிப்புடான்னு வாயப் பொளந்தவன்தான் நான்.

அதே பொட்டியோட பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிச்சு. வாடகை வீடு மாறுச்சு, கீசர் மாடல் மாறுச்சு, கல்யாணம் ஆச்சு, பையன் பொறந்தான். ஒரு பிரச்சனையும் இல்லை.

2019 ஜனவரியில அம்மா வந்தாங்க. அதுவரைக்கும் வெயில் காலத்துலதான் வந்துட்டுப் போவாங்க. பேரனுக்குப் பள்ளிக்கூடம் பனிக்கால லீவுன்னு அந்த வருஷம் குளிர்ல வரவழைச்சேன். வந்த அன்னிக்கே ரெண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, காதுக்கு மஃப்ளர்னு அடையாளமே தெரியாம ஆயிட்டாங்க. "என்னடா இது, தண்ணிய தொட்டா தேள் கொட்டின மாதிரி இருக்கு"ன்னாங்க. உண்மைதான். மொட்டை மாடி டேங்க் தண்ணி விரல் விறைச்சுப் போற குளிர்ச்சியில வரும்.

குளிக்கிற ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க விட்ட ஓட்டை ஒண்ணு இருந்துச்சு. ஃபேன் கிடையாது, வெறும் ஓட்டைதான். அது வழியாப் பனிக்காத்து முதுகுல அடிக்குதுன்னு அம்மா சொன்னாங்க. தாய்க்காக இதைக்கூடச் செய்யலேன்னா எப்படி? பையனோட ப்ராஜெக்ட்ல மீந்த தெர்மகோலை அளவா வெட்டி, ஓட்டையில சொருகி, பிரவுன் டேப் ஒட்டி காத்துக்கூடப் புகாத மாதிரி அடைச்சுட்டேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

அந்த வாரத்துலதான் கீசர் சொட்ட ஆரம்பிச்சுது.

பொட்டிக்கு அடியில இருந்து சொட்டு சொட்டா தண்ணி. முன்னாடியும் குளிர் காலத்துல லேசா ரெண்டு சொட்டு விழும்தான். இப்போ கீழ ஒரு மக் வச்சா கால்வாசி ரொம்புது. சுவத்துலயும் ஒரே ஈரம், கண்ணாடி பூரா ஆவி. பிளம்பரைக் கூப்பிட்டேன். வந்தார், நட்டைத் தொட்டுப் பார்த்தார், சிரிச்சார். "லீக்கேஜ் நஹீ ஹை ஸாப். பஸீனா ஹை. டண்ட் மே கீஸர் கோ பஸீனா ஆத்தா ஹை"ன்னார். அதாவது லீக் இல்லையாம், கீசருக்குக் குளிர்ல வேர்க்குதாம். நூத்தம்பது ரூபா வாங்கிட்டுப் போயிட்டார்.

கம்ப்யூட்டர்ல குப்பை கொட்டுறவனுக்கு 'கீசருக்கு வேர்க்குது'ன்னா மனசு ஆறுமா? ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். இங்கதான் என் கிரகம் ஆரம்பிச்சுது.

படிச்ச விஷயம் என்னவோ நிஜமாவே சுவாரஸ்யமானது. கேஸ் எரிஞ்சா சூடு மட்டும் வர்றதில்லை, தண்ணியும் வருது. எல்.பி.ஜி.ங்கறது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ரெண்டுலயும் ஹைட்ரஜன் நிறைய. அது காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்தா தண்ணி. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிஞ்சா ஒண்ணரை கிலோவுக்கு மேலயே தண்ணி ஆவியா வெளிய வரும். நம்ம வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு முழுசா எரிஞ்சா சுமார் 22 லிட்டர். தண்ணி கேன் போடுற பையன் கொண்டு வர்ற 20 லிட்டர் கேனை விட ஜாஸ்தி! சமைக்கிறப்போ இது காத்தோட காத்தாப் போயிடறதால நமக்குத் தெரியறதில்லை.

அந்த ஆவி வெறுமனே போகல, கூடவே சூட்டையும் தூக்கிட்டுப் போகுது. தண்ணி ஆவியாகறதுக்கு எவ்ளோ சூடு வாங்குச்சோ, திரும்பத் தண்ணியாகும்போது அவ்ளோவையும் திருப்பிக் கொடுக்கும். எல்.பி.ஜி.ல மொத்தச் சூட்டுல சுமாரா எட்டு சதவீதம் இந்தக் கணக்குல போகும். இயற்கை எரிவாயுல சுமார் பத்து. இதை ஏன் விடணும்னு யோசிச்சு வெளிநாட்டுல கண்டென்சிங் ஹீட்டர்னு கொண்டு வந்தாங்க. சாதா ஹீட்டர்ல புகை 150 டிகிரிக்கும் மேல சூடா வெளியேறும். கண்டென்சிங்ல அந்தப் புகையை இன்னொரு தடவை பச்சைத் தண்ணிக் குழாய் மேல ஓட விடுறாங்க. 55 டிகிரிக்குக் கீழ இறங்கினதும் ஆவி தண்ணியாகி சொட்ட ஆரம்பிக்கும், சூடு மிச்சமாகும். 80, 85 சதவீதமா இருந்த திறன் 90க்கு மேல போயிடும். இங்கிலாந்துல 2005ல இருந்தே புது கேஸ் பாய்லர் வச்சா பெரும்பாலும் கண்டென்சிங்தான் வைக்கணும்னு சட்டம்.

சரி, சொட்டுற தண்ணி எங்க போகும்? அதுக்குத்தான் கண்டென்சேட் ட்ரெயின் லைன்னு ஒரு சின்னக் குழாய். ஒரு விரல் தடிமன்தான் இருக்கும். ஆனா அதுக்குள்ள ஒரு சாஸ்திரமே இருக்கு. அந்தத் தண்ணி பார்க்கத் தெளிவா இருக்கும், ஆனா புளிப்பு. புகையில இருக்கிற கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம் நைட்ரஜன் ஆக்சைடும் கரைஞ்சு அமிலமாயிடும். பி.ஹெச். அளவு மூணுல இருந்து அஞ்சுக்குள்ள. கிட்டத்தட்ட எலுமிச்சம்பழச் சாறுக்கும் காப்பிக்கும் நடுவுல. அதனால அந்தக் குழாய் செம்பாவோ இரும்பாவோ இருக்கக் கூடாது, அரிச்சிடும். பி.வி.சி. மாதிரி பிளாஸ்டிக் வேணும். உள்ள இருக்கிற ரெண்டாவது வெப்பப் பரிமாற்றியும் அதனாலதான் எவர்சில்வர். வழியில சுண்ணாம்புக் கல் போட்ட ஒரு குப்பி வச்சு அமிலத்தை முறிச்சு விடுவாங்க. கல்லு கரையக் கரைய வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். குழாய் முழுக்க சரிவா இறங்கணும், நடுவுல தொப்பை விழக் கூடாது. வாஷ்பேசின் அடியில இருக்கிற மாதிரி ஒரு வளைவு வேணும். அதுல தண்ணி நின்னாத்தான் புகை அந்த வழியா வீட்டுக்குள்ள வராது. அடைச்சுக்கிட்டா தண்ணி பின்வாங்கி மெஷின் தானா நின்னுடும். 2010 டிசம்பர்ல பிரிட்டன்ல அடிச்ச குளிர்ல, வெளிச்சுவத்துல போன இந்தச் சின்னக் குழாய்க்குள்ள தண்ணி உறைஞ்சு ஏகப்பட்ட வீட்டு பாய்லர் நின்னு போச்சு. கெண்டியில வெந்நீர் கொண்டு போய் குழாய் மேல ஊத்தி மீட்டிருக்காங்க மக்கள்!

இதையெல்லாம் படிச்சு முடிச்சப்போ மணி ரெண்டு. மண்டைக்குள்ள ஒரே பல்பு. அடேய், அப்போ நம்ம கீசர் சொட்டுறது நஷ்டம் இல்ல, லாபம்! சூட்டை மிச்சம் பண்ணுதுடா!

மறுநாள் சனிக்கிழமை. மீன் தொட்டிக்குப் போடுற ட்யூப் ரெண்டு மீட்டர், ஒரு புனல், ஊறுகா பாட்டில் ஒண்ணு. கட்டடம் கட்டுற இடத்துல கிடந்த மார்பிள் துண்டுகளைப் பொறுக்கிட்டு வந்து பாட்டில்ல போட்டேன், அமிலத்தை முறிக்க. கீசர் அடியில புனல், புனல்ல இருந்து ட்யூப், ட்யூப்ல இருந்து பாட்டில், பாட்டில்ல இருந்து தரை ஜாலி. சரிவு, வளைவு எல்லாம் முறைப்படி. தங்கமணியைக் கூப்பிட்டு அரை மணி நேரம் லெக்சர் கொடுத்தேன். "தரை வழுக்காம இருந்தா சரி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அம்மாதான் "எம்புள்ள எவ்ளோ கெட்டிக்காரன்"னு பேரன்கிட்ட சொன்னாங்க. அதை இன்னிக்கு நினைச்சாலும் அடிவயித்தைப் பிசையும்.

அந்த வாரத்துல அம்மா ரெண்டு மூணு தடவை தலைவலின்னு சொன்னாங்க. குளிச்சுட்டு வந்ததும் கிறுகிறுன்னு வருது, வயித்தைப் பிரட்டுதுன்னாங்க. குளிரு ஒத்துக்கல, பித்தம்னு அவங்களே முடிவு பண்ணி சுக்குக் கஷாயம் போட்டுக் குடிச்சாங்க. நாங்க மூணு பேரும் அஞ்சு நிமிஷக் காக்காக் குளியல். அம்மாவுக்கு முட்டி வலி. பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கால் மேல வெந்நீரை ஓட விட்டு இருபது இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்.

செவ்வாய்க்கிழமை. நான் வீட்ல இருந்து வேலை. தங்கமணி ஆபீஸ் போயாச்சு. அம்மா குளிக்கப் போயி கொஞ்ச நேரம் ஆச்சு. கீசர் எரியுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு, மக் சத்தம் மட்டும் காணோம். ஹால்ல விளையாடிட்டு இருந்த பையன்தான், "ஆச்சி பாட்டை நிறுத்திட்டாங்கப்பா"ன்னான். குளிக்கிறப்போ முணுமுணுன்னு பாடுவாங்க. ரெண்டு தடவை கூப்பிட்டேன், பதில் இல்லை. முட்டி வலிக்காரங்கன்னு தாழ்ப்பாள் போட வேணாம்னு சொல்லி வச்சிருந்தோம். அந்த ஒரு நல்ல காரியம் மட்டும் செஞ்சிருந்தோம்.

கதவைத் தள்ளினா ஸ்டூல்ல இருந்து சரிஞ்சு சுவத்தோரமாக் கிடந்தாங்க. கண்ணு பாதி மூடியிருந்துச்சு. மேல போர்வையைச் சுத்தித் தூக்கிட்டு வந்து பால்கனியில கிடத்தினேன். ஹால்லயே கிடத்தாம பால்கனிக்கு ஏன் போனேன்னு இன்னிக்கும் தெரியல. காத்து வேணும்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு, மூளைக்குத் தெரியல. பனிக்காத்துல ஒரு நிமிஷத்துல கண்ணைத் திறந்தாங்க, வாந்தி எடுத்தாங்க.

ஆஸ்பத்திரியில விரல்ல ஒரு கிளிப் மாட்டினாங்க. 98 சதவீதம்னு காட்டுச்சு. அப்பாடா, ஆக்சிஜன் நல்லா இருக்குன்னு நான் மூச்சு விட்டேன். அங்க இருந்த சின்ன வயசு டாக்டரம்மா அதைப் பார்க்கவே இல்லை. என்கிட்ட கேட்ட முதல் கேள்வி: "குளிக்கிற ரூம்ல இருக்கிறது கேஸ் கீசரா?" ரெண்டாவது கேள்வி: "ஜன்னல் இருக்கா?"

தெர்மகோல் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

அப்புறம் அவங்க விளக்கினாங்க. கேஸுக்குப் போதுமான காத்துக் கிடைக்கலேன்னா அரைகுறையா எரியும், கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. சிலிண்டர் கேஸ்ல வாடைக்குன்னு கலக்கற பொருள் எரிஞ்சு போயிடறதால அதுவும் காட்டிக் கொடுக்காது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். விரல் கிளிப்புக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ரெண்டையும் ஒண்ணாத்தான் எண்ணும். அதனாலதான் 98. ரத்தம் எடுத்துத் தனியா சோதிச்சதுல 28 சதவீதம் கார்பன் மோனாக்ஸைடு பிடிச்சிருந்துச்சு. சாதாரணமா ரெண்டு மூணு சதவீதத்துக்குள்ள இருக்கணுமாம். நல்ல காத்துல விட்டா பாதி குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். மாஸ்க் வச்சு சுத்த ஆக்சிஜன் கொடுத்தா ஒண்ணு ஒண்ணரை மணியில பாதியாகும். ராத்திரி வரைக்கும் மாஸ்க் போட்டிருந்தாங்க.

குளியலறையில மயங்கி விழுந்து, கை கால் வெட்டி இழுத்து, காக்கா வலிப்புன்னு மருந்து சாப்பிட்டு, கடைசியில கேஸ் கீசர்தான் காரணம்னு தெரிஞ்ச நோயாளிகளைப் பத்தி நம்ம நாட்டு மருத்துவ இதழ்களிலேயே கட்டுரைகள் இருக்கு. ஒவ்வொரு குளிர்காலமும் பேப்பர்ல சின்னப் பெட்டிச் செய்தி வரும், குளிக்கப் போனவங்க திரும்பலன்னு. நான் அதையெல்லாம் கேஸ் லீக்னு நினைச்சுத் தாண்டிப் போனவன்.

ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆறு லிட்டர் கீசர் கால் மணி நேரம் எரிஞ்சா சுமார் கால் கிலோ கேஸ். அது முழுசா எரிய மூணு கன மீட்டருக்கு மேல காத்து வேணும். எங்க குளியலறை அஞ்சுக்கு ஏழு, உயரம் ஒம்பதடி. மொத்தமே ஒம்பது கன மீட்டர்தான். மூணுல ஒரு பங்கு காத்தோட ஆக்சிஜனைத் தின்னுட்டு, அந்தப் புகையையும் அதே ரூம்ல விட்டிருக்கு. அதே கால் மணியில கிட்டத்தட்ட 400 மில்லி தண்ணி ஆவியா வந்திருக்கு. முன்னாடி அது ஓட்டை வழியாப் போச்சு. ஓட்டையை அடைச்சதும் போக இடமில்லாம குளிர்ந்த செம்பு மேலயும் சுவத்து மேலயும் சொட்டுச்சு. அந்தச் சொட்டு பர்னர் மேலயும் விழுந்திருக்கு. பின்னாடி கழட்டிப் பார்த்தப்போ செம்புத் தகடு இடுக்கு பூரா பச்சைக் களிம்பு, பர்னர்ல கரி. அந்த இடுக்கு அடைஞ்சா புகை போக வழி இன்னும் குறையும், விஷம் இன்னும் கூடும்.

நான் படிச்சது ஒண்ணும் தப்பில்லை. அந்த ராத்திரி பார்த்த ஒவ்வொரு படத்துலயும் ரெண்டு குழாய் இருந்துச்சு. ஒண்ணு கீழ போற சின்ன ட்ரெயின் குழாய். இன்னொண்ணு சுவத்தைத் தாண்டி வெளிய போற பெரிய புகைக் குழாய். நான் சின்னதை மட்டும் பார்த்தேன். அந்த ஊர் ஹீட்டர் சொட்டுதுன்னா, புகையோட சூட்டைக் கறந்துட்டு மிச்சத்தை வெளிய அனுப்பிடுச்சுன்னு அர்த்தம். எங்க வீட்ல சொட்டுனதுக்கு அர்த்தம், புகை வீட்டுக்குள்ளயே இருக்குன்னு. ஒரே தண்ணி, அர்த்தம் நேர் எதிர். கீசர் பதினஞ்சு நாளா சொட்டு சொட்டாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நான் அதுக்குப் புனல் வச்சேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா தெர்மகோலைப் பிச்சு எறிஞ்சேன். மறுநாள் கீசரைக் கழட்டி வெளி பால்கனியில மாட்டி, சுடுதண்ணியை மட்டும் குழாய் வழியா உள்ள கொண்டு வந்தோம். ஓட்டைக்கு ஃபேனும் வந்துச்சு.

கொஞ்ச வாரம் கழிச்சுக்கூட ஞாபக மறதி, தடுமாற்றம்னு வரலாம், கவனிச்சுக்கோங்கன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. அந்த ஒரு மாசம் எனக்குத் தூக்கம் இல்லை. தினமும் ஏதாவது சாக்கு வச்சு அம்மாகிட்ட கேள்வி கேட்பேன். அத்தை பொண்ணு கல்யாணம் எந்த வருஷம், பக்கத்து வீட்டு மாமாவுக்கு எத்தனை பிள்ளைங்க, இன்னிக்கு என்ன நட்சத்திரம். நாலாவது நாளே கண்டுபிடிச்சுட்டாங்க. "என்னடா, தினம் பரீட்சை வைக்கிற? உங்கிட்ட 1988ல வாங்கின கடன் கூட ஞாபகம் இருக்கு"ன்னாங்க. உண்டியல்ல இருந்து எடுத்த ஏழு ரூபாயாம்!

ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள், எல்லாத்தையும் அம்மாகிட்ட சொன்னேன். ஓட்டையை நான் அடைச்சதுதான் காரணம்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நம்ம வெந்நீர் அடுப்பு புகைஞ்சா கண்ணு எரியும், தள்ளிப் போய் நிப்போம். அதனாலதான் கொல்லையில வச்சிருந்தோம். இது கண்ணையே கரிக்கலியேடா, உனக்கு எப்படித் தெரியும்?"னாங்க.

எனக்காகச் சொன்னாங்கன்னு தெரியும். ஆனாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

சரி மக்கா, சுருக்கமாச் சொல்லிடறேன். கேஸ் கீசரைக் குளிக்கிற ரூமுக்குள்ள வைக்காதீங்க. உள்ளதான் இருக்குன்னா, வாளியில பிடிச்சுக்கிட்டு, கீசரை அணைச்சுட்டு, கதவைத் திறந்து காத்தோட விட்டுட்டு அப்புறம் குளிங்க. எவ்ளோ குளிர் அடிச்சாலும் ஓட்டையை அடைக்காதீங்க. தீ நீலமா எரியணும், மஞ்சளா ஆடினா ஆளைக் கூப்பிடுங்க. வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் கட்டாயம். கார்பன் மோனாக்ஸைடு அலாரம்னு தனியா விக்குது, ஒண்ணு வாங்கி மாட்டுங்க. 2020க்கு அப்புறம் எல்லார் வீட்லயும் விரல் கிளிப் இருக்கு, அது இதுக்கு உதவாது. குளிச்சுட்டு வந்தா தலைவலி, வெளிய போனா சரியாகுதுன்னு யாராவது சொன்னா பித்தம்னு விட்டுடாதீங்க. வெளிநாட்டுல கண்டென்சிங் ஹீட்டர் வச்சிருக்கிற மக்களே, ட்ரெயின் குழாயையும் கல்லு குப்பியையும் பாருங்க, ஆனா முதல்ல பெரிய குழாயைப் பாருங்க.

பி.கு: அந்த ஊறுகா பாட்டிலும் மார்பிள் கல்லும் இன்னும் என் மேஜை மேலதான் இருக்கு. எதையாவது பாதி படிச்சுட்டு அடுத்தவங்களுக்கு லெக்சர் கொடுக்க வாயெடுத்தா, தங்கமணி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பாட்டிலை லேசா என் பக்கம் நகர்த்துவாங்க :-)